இடி இடித்தால் உள்ளே ஓடு

சும்மா சொல்லக் கூடாது, ஜாஸ்பின் டீச்சர் செய்த விளையாட்டு நன்றாகத்தான் வந்திருந்தது. கோடை விடுமுறை முழுக்க மெனக்கெட்டு, ஏழாயிரம்பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவளே உருவாக்கிய செயலி. வெள்ளம், புயல், நிலநடுக்கம், இடி மின்னல் என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் வானம் கறுக்கும், பொட்டலில் ஒரு சிறுமி நிற்பாள். அவளை மரத்தடிக்கு ஓட்டினால் ஆட்டம் போச்சு. கட்டடத்துக்குள் ஓட்டிக் கதவைச் சாத்தினால் நட்சத்திரம் கிடைக்கும்.

ஐந்தாம் வகுப்பு மாரிசெல்விதான் எல்லா நட்சத்திரத்தையும் முதலில் அள்ளினாள். ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், கையில் டேப்லெட்டோடு டீச்சரின் மேசைக்கே வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மாவுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

"என்னத்தச் சொன்ன?"

"இடி இடிச்சா கம்பெனி ரூமை விட்டு வெளிய வரவே கூடாது, கதவைச் சாத்திக்கிடணும்னு. தலையில அடிச்சுச் சத்தியமும் வாங்கிட்டேன்."

சிரிக்க வாயெடுத்த ஜாஸ்பின் அப்படியே நின்றுவிட்டாள். மாரிசெல்வியின் அம்மா பாண்டிமீனா, வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவள். மேகம் திரண்டு இடி கேட்டால் அங்கே போர்மேன் விசில் ஊதுவார். மின்னல் பட்டால் மருந்து வெடித்துவிடும் என்பதால் அத்தனை பேரும் மருந்து ரூமை விட்டு வெளியேறி, வாசலோரத்துச் சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விட வேண்டும். இந்த ஊரில் இது யாருக்குத் தெரியாது? ஜாஸ்பினுக்கும் தெரியும். மாதக்கணக்கில் படம் வரைந்தவளுக்கு அது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தெற்கே கறுத்துக் கிடந்தது. கம்பெனிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. தொழிலாளிகளின் செல்போனெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு ராஜசிங் சாரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பாதி வழியில் முதல் இடி விழுந்தது. இடிக்கிற நேரத்தில் பொட்டல் வழியே வண்டியில் போகாதே என்று செயலியில் எழுதியதும் அவள்தான். போனால் போகட்டும் கழுதை என்று வண்டியை முறுக்கினாள்.

காவலாளி கை காட்டிய ஹாலுக்குள் நாற்பது பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் பாண்டிமீனா இருந்தாள், முழங்கை வரை வெள்ளி நிறப் பொடி. அவளைப் பார்த்ததும் ஜாஸ்பின் ஓடிப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதாள்.

"என்ன டீச்சர், எம்புள்ளைக்கு என்னமும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணுமில்லக்கா. விசில் ஊதுனதும் வெளிய வந்துட்டீகளா?"

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் போயிட்டாக. நான் மட்டும் கதவைப் பிடிச்சிக்கிட்டு உள்ளேயே நின்னேன். டீச்சர் சொல்லிக் குடுத்ததுன்னா சரியாத்தான இருக்கும்னு ஒரு ரோசனை. அப்புறம் போர்மேன் வந்து ஏசினாரு, வந்துட்டேன்."

ஜாஸ்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் பேரை நம்பி ஒரு மனுஷி மருந்துக்கு நடுவில் நின்றிருக்கிறாள். அந்த ஹாலில் இருந்த நேரம் முழுக்க ஜாஸ்பினால் அந்தக் கதவை மறக்க முடியவில்லை.

"வெளிய வந்ததைப் புள்ளைகிட்டச் சொல்லிராதீக டீச்சர்," என்றாள் பாண்டிமீனா. "சத்தியத்தை மீறிட்டேன்னு அழுவா."

"சொல்லித்தான்க்கா ஆகணும். வெளிய வந்ததுதான் சரி, தப்பாச் சொல்லிக் குடுத்தது நான்னு சொல்லுதேன். அந்த ஆட்டத்தையும் இன்னைக்கே மாத்திருதேன். உங்க போர்மேன் விசிலும் அதுல வரும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, மாத்துங்க. ஆனா அவ வாங்குன நட்சத்திரத்தை மட்டும் பிடுங்கிராதீக. எனக்காகத்தான் அம்புட்டுத் தடவை ஆடுனா."