பலாப்பழத்தில் விழுந்த ஓட்டை

ஓடைக்கு அந்தப் பக்கம் கடமான் ஒன்று குண்டடிபட்டுச் செத்துக் கிடந்ததாம். உடனே வனத்துறைக்காரர்கள் என் வீட்டுக்காரர் முத்தனைப் பிடித்து ஆபீஸ் அறையில் அடைத்துவிட்டார்கள். மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்ட, லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறோமே, அதுதான் குற்றம்; அந்தக் காட்டிலிருந்தே சுட்டார் என்று கேஸ். போன வருடம் அதன் நுனி வெடித்ததால் குழலைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டோம். அதிலிருந்து ஓடையைத் தாண்டிக் குண்டு போகுமா? சத்தம் வேண்டுமானால் போகும்.

ரேஞ்சர் நம்பவில்லை. ஆபீஸ் வாசலில் பலாப்பழத்தை வைத்துச் சுட்டுக் காட்டுகிறேன் என்றார். அவருக்குக் குழலில் வெடிமருந்து கெட்டிக்கத் தெரியவில்லை. என்னையே கெட்டிக்கச் சொன்னார், கொடுமையைப் பாருங்கள்! குழல் வாயைப் பழத்தில் ஒட்டவைத்துச் சுட்டார். ஓட்டை விழுந்து சுளை சிதறியது.

"பாத்தியாம்மா? பழத்துக்கே இந்தக் கதின்னா மான் என்ன ஆகும்? நாளைக்கே கோர்ட்டு. ஏழு வருஷம் உள்ளதான்."

ஒட்டவைத்துச் சுட்டால் எதுதான் தாங்கும்? மருந்து எரிந்து கிளம்பும் புகைதான் குண்டைத் தள்ளுகிறது. குட்டைக் குழலில் குண்டு வேகம் பிடிக்கும் முன்பே புகை வெளியே பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சல் ஒரு சாண் தூரத்துக்கு எமன். அதற்கப்பால் ஒன்றுமில்லை. பத்து வருடமாக இதற்கு மருந்து இடிக்கிறவள் நான், எனக்கா தெரியாது?

"ஏனுங்க, இன்னொரு பழம் வையுங்க. மறுபடியும் கெட்டிச்சுத் தாரேன், அதே மாதிரி சுடுங்க."

சுட்டார். அதே ஓட்டை. அதே சுளை.

"இப்பவாவது ஒத்துக்கறயா?" என்று சிரித்தார்.

நான் கையை விரித்துக் காட்டினேன். குண்டு என் உள்ளங்கையிலேயே இருந்தது.

"வெறும் மருந்தும் தேங்காய் நாரும்தானுங்க போட்டேன். குண்டே இல்லாம ஓட்டை போட்டது யாருங்க?"

அவர் முகம் செத்துப்போயிற்று. நான் விடவில்லை. மூன்றாவது பழத்தை ஓடையின் அகலத்துக்கு, அறுபது எட்டுக்கு அப்பால் வைக்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே குண்டைப் போட்டுக் கெட்டித்துக் கொடுத்தேன். மறுபடியும் கெட்டிக்கச் சொல்லி வாங்கி, இரண்டு முறை சுட்டார். இரண்டு குண்டும் பழத்துக்கு வெகு முன்னாலேயே மண்ணில் விழுந்தன. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"அப்ப மானச் சுட்டது யாரு?" என்று என்னையே கேட்டார்.

"அடச்சே! அதக் கண்டுபுடிக்கத்தானுங்க உங்களுக்குத் தொப்பி குடுத்திருக்காங்க. மொதல்ல கதவத் தொறந்து எங்க ஊட்டுக்காரர வெளிய விடுங்க!"