ஒன்பதாம் வளைவில் அப்பா

“எனக்கு முழுப் படம் வேணும் சார்” என்று அவள் மேலாளரிடம் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேட்கவே கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்த ஒரே விஷயம் அதுதான்.

காலையில் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் வண்டிகளை ஒன்பது இரும்பு வளைவுகள் படம் பிடித்து நெரிசல் கட்டணம் போட்டன. கேமராவால் படிக்க முடியாத நம்பர் பிளேட்டுகள் மட்டும், துண்டாக வெட்டப்பட்டு, நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்த அந்த ஹாலுக்கு வந்தன. பார்த்து, நம்பரைத் தட்டி, அடுத்ததற்குப் போக வேண்டும். ஓட்டுகிறவர் முகம் யாருக்கும் தேவையில்லை. பதினோரு மாதமாக, சரியாக ஏழு நாற்பத்திரண்டுக்கு, அவள் திரைக்கு மட்டும் ஒரு பிளேட் வந்தது. அதில் அழிந்துபோன ஏழின் மேல்கோட்டை யாரோ சிவப்பு நெயில் பாலிஷால் வரைந்திருந்தார்கள். பள்ளிக்கூட நாளில், அப்பாவின் வேனில் அதை வரைந்தவளே அவள்தான். அப்பா இறந்து இரண்டு வருடம். வேனை உடைத்து எடைக்குப் போட்டு ஒன்றரை வருடம். முதல் நாள் அதை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நம்பரைத் தட்டினாள்.

ஊர் இதற்குப் பழகிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் ஒன்பதாம் வளைவுக்கு அடியில் வேன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டீசல் வாசனை வரும், மழை நாளில் ஈர ரோட்டில் டயர்த் தடம் நகரும். அவள் படித்த பெண்கள் கல்லூரி வாசலில் அந்தத் தடம் நாற்பது நொடி நிற்கும். பின்னால் வந்தவர்கள், முந்துவதற்கென்றே பிறந்தவர்கள்கூட, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. “செத்தும் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாரேடி உங்கப்பா” என்று சிரிக்க ஆரம்பித்த பக்கத்துச் சீட்டு அக்கா, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

“ரூல் தெரியும்ல?” என்றார் மேலாளர்.

“எங்க வீட்லயே முதல் டிகிரி நான்தான் சார், ஒரு பக்க ரூலைப் படிக்கத் தெரியாதா? அந்த வேனுக்கு எங்கம்மா பேர்ல பில் வருது. பில் போட்ட படத்தைக் காட்டுங்க.”

அவர் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார். அப்பா. வலது கை ஸ்டியரிங்கில். இடது கை, தாழ்ப்பாள் போன இடது கதவை இழுத்துப் பிடிக்கும் கயிற்றில். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும்தான் அந்தக் கயிற்றைப் பிடிப்பார். இருக்கை காலியாக இருந்தது. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் வளைவுக்கு முன்னாலேயே அவளை இறக்கிவிட்டார், தாண்டினால் கட்டணம். மீதி இரண்டு கிலோமீட்டர் அவள் நடந்தாள். “கடைசிப் பரீட்சைக்கு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடுறேன் பாரும்மா” என்றிருந்தார். அதற்கு ஒன்பது நாள் முன்னால் மாரடைப்பு. அன்றைக்கும் அவள் நடந்தே போனாள்.

“இதுல கையெழுத்துப் போடும்மா” என்று மேலாளர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். “நம்பரை எடுத்துடுவோம். பில் எல்லாம் தள்ளுபடி. அவரும் நின்னுடுவாரு.”

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் பாஸாயிட்டேன்னு அவருக்கு இன்னும் தெரியாது சார். அதை உங்க ஃபாரமா சொல்லும்?”

நாளைக்கு ஏழரைக்கே போய்விட வேண்டும். வளைவுக்கு முன்னால், பழைய இடத்தில், ரோட்டின் இடது ஓரம், அந்தக் கயிற்றுக் கதவு வந்து நிற்கும் பக்கம். ஃபாரத்தை மேஜையிலேயே விட்டாள். கதவைத் திறந்தபோது, ஹாலில் அத்தனை பேரும் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.