கயிற்றை விடுமுன் மூன்று அடி

1

ட்ர்ர்ர்ர்ரென்று வங்கியின் அபாய மணி அலறியது. வரிசையில் நின்ற எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். எனக்கு முன்னால் நின்றவர் மட்டும் தன் காதை விட்டுவிட்டு, கூட வந்த சிறுமியின் காதைப் பொத்தினார். அவள் அந்தக் கைகளை விலக்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் பயமில்லப்பா" என்று சிரித்தாள். அவள் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. யாரோ உள்ளே சிகரெட் பற்றவைத்ததால் வந்த வினை என்று தெரிந்ததும் மணியை நிறுத்தினார்கள்.

இந்தக் கதைக்கு என் மூலதனம் அவ்வளவுதான். அந்த மனிதரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

"போர் மேகங்கள் சூழ்ந்த அந்நகரில்..."

(அடித்துவிட்டேன். இந்த மேகத்தை ஏற்கெனவே மூன்று தொடர்களில் சூழவிட்டிருக்கிறேன்.)

அவரைப் பஸ் டெப்போவில் பிரேக் மெக்கானிக் ஆக்கினேன். வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். ஏழாம் நாள் குளித்து, நகக்கண்ணில் இருக்கும் கிரீஸோடு மல்லுக்கட்டித் தோற்று, டெப்போவை ஒட்டிய தேவாலயத்தின் அறுபத்திரண்டு படிகளையும் ஏறி மணியடிப்பார். பதினோரு வருடமாக அவர்தான். தெருவில் அவருக்குப் பெயரே மணியண்ணன்.

அந்த ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணியடித்து முடித்ததும் கயிற்றைச் சட்டென்று விடக்கூடாது. நிறுத்தி, நிதானமாக மூன்று அடி. பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. குழந்தைக்குப் பெயர் சூட்டும் ஞானஸ்நானத்திலும் அதே மூன்றுதான்: குழந்தையின் தலையில் தண்ணீர் விழும் ஒவ்வொரு முறையும் மேலே ஓர் அடி. கீழேயிருந்து ஜன்னல் வழியாக ஒருவர் கைக்குட்டையை அசைத்துக் காட்டுவார்.

தன் மகளின் ஞானஸ்நானத்தன்றும் அவர் கயிற்றை யாரிடமும் கொடுக்கவில்லை. "பெத்த பொண்ணுக்குப் பேர் வைக்கிற நேரத்துல மேல போய் உக்காந்துக்கிட்டாரு மனுஷன்" என்று மனைவி இன்னமும் சொல்லிக்காட்டுவாள்.

3

விமானங்கள் வர ஆரம்பித்தன. (யாருடையவை, ஏன் என்று கேட்காதீர்கள். கீழே நிற்பவனுக்கு எல்லா விமானமும் ஒன்றுதான்.) மின்நிலையம் போனதும் ஊர்ச் சங்கும் ஊமையானது. பாதுகாப்புக் குழு உத்தரவு போட்டது: இனி தேவாலய மணி ஆபத்துக்கு மட்டும். விடாமல், வேகமாக. ஆராதனைக்கு மணி கிடையாது. மணி கேட்டால் எல்லாரும் எதிர்த் துணிக்கடையின் நிலவறைக்குள் போய்விட வேண்டும். மணியடிப்பவர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

இரண்டே மாதத்தில் மணியண்ணன் சங்கண்ணன் ஆனார். சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தெரு சொன்னதை அவர் சிரித்துத் தள்ளினார். தள்ள முடியாதது வீட்டில் இருந்தது. ஏழு வயது மகள், செல்லப்பெயர் வாலு, முன்பெல்லாம் அவர் வந்ததும் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கு ரெண்டு பஸ்" என்று ஆரூடம் சொல்வாள். இப்போது அவர் கையைத் தூக்கினாலே காதைப் பொத்திக்கொண்டாள்.

"குழந்தைதானேங்க. போகப்போகச் சரியாயிடும்."

"உன் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறா. என் கைய உதறுறாடி."

மறுநாள் அவர் போதகரிடம் போனார்.

"ஐயா, கயித்த வேற யாருக்காவது குடுத்துடுங்க. பதினோரு வருஷம் ஜனங்கள ஆண்டவர்கிட்ட கூப்பிட்ட கை. இப்ப என் பொண்ணே அதப் பாத்து நடுங்குறா. நான் யாருன்னே எனக்குத் தெரியல."

"என் கதை மட்டும் என்னவாம் தம்பி? முன்னெல்லாம் இந்த அங்கியப் பாத்தா 'யாருக்கு கல்யாணம்'னு கேப்பாங்க. இப்ப 'யார் வீட்ல'ன்னு கேக்குறாங்க." போதகர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க. ஆள் பாக்குறேன்."

(முதல் பிரதியில் போதகர் இங்கே ஒரு முழுப் பக்கம் ஆறுதல் சொன்னார். வசனங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்குள் அந்தப் போதகர் தானே இரவெல்லாம் தூக்கம் வராத மனிதராக வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.)

4

புதன்கிழமை, காலை பத்தே கால். விமானம் வருகிறதென்று பாதுகாப்புக் குழுவிடமிருந்து டெப்போவுக்குத் தொலைபேசி வந்தது. பஸ்ஸுக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்து ஓடினார். அறுபத்திரண்டு படி.

அடித்தார். கீழே தெரு கலைந்து, கதவுகள் சாத்தி, நிலவறைக்குள் வடிந்தது. மனைவி பக்கத்து வீட்டுக்காரியின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போவதும், அவள் முந்தானையைப் பிடித்தபடி மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட வாலு போவதும் தெரிந்தது. தெரு வெறிச்சோடியது.

இதுதான் கடைசி என்று நினைத்தார். "ஆண்டவரே, இனி நான் உமக்கு எதுக்கு?" என்று வாய்விட்டே கேட்டார்.

அப்போது ஒரு பெரும் சமாதானம் அவர் ஆத்துமாவை...

(இல்லை. இப்படி எழுதினால் எனக்கே நம்பிக்கை வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

கயிற்றை இன்னொரு முறை இழுத்தார். அவ்வளவுதான். பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாரோ பக்கத்தில் நின்று அவர் கையோடு கை வைத்துக் கயிற்றைப் பிடித்த மாதிரி பாரம் பாதியானது. அந்த லேசில், கயிற்றை விடுமுன், கை தன் பாட்டுக்கு நிதானமாக அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அடித்த பிறகுதான் உறைத்தது, ஆபத்து மணியில் இது கூடாதென்று. கீழே பார்த்தார்.

துணிக்கடைக் கதவு ஒரு சாண் திறந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று வெளியே வந்து, வெறும் தெருவின் நடுவே அவரைப் பார்த்து ஓடிவந்தது. தூரத்தில் விமானச் சத்தம்.

5

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். நான்கு நாள் எடுக்கவில்லை.

முடிவு அ: குண்டு தெருவில் விழுகிறது. எழுதினேன். அச்சுப்பிழை பார்க்கும் அம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, "பிழை ஒண்ணும் இல்ல. ஆனா இந்தக் குழந்தைய நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார்.

முடிவு ஆ: குண்டு நிலவறையில் விழுகிறது, வெளியே வந்ததால் வாலு பிழைக்கிறாள். அற்புதம்! நீங்கள் கடிதம் எழுதிப் பாராட்டுவீர்கள். உள்ளே இருந்த நாற்பது பேரும் அந்த அம்மாவும் ஆண்டவருக்கு யாராம்? கிழித்தேன்.

முடிவு இ: விமானம் திரும்பிப் போகிறது, போர் ஓய்கிறது, ஞாயிறு மணி ஒலிக்கிறது. (ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை.)

விமானத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மணிக்கூண்டுப் படிக்கட்டு ஒன்றுதான்.

6

அவர் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். அவள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தாள். நடுத் திருப்பத்தில் முட்டிக்கொண்டார்கள். அவர் அவளை இழுத்துச் சுவரோரம் சாய்த்து, முதுகால் மறைத்து, அவள் காதுகளைப் பொத்தினார்.

"அறிவிருக்கா உனக்கு? யாரு உன்ன வெளிய வரச் சொன்னது?"

வாலுவுக்கு மூச்சு வாங்கியது. அவர் கைகளைக் காதிலிருந்து எடுத்தாள். உதறவில்லை, இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு தடவ அடிச்சா அது என் பேருன்னு அம்மா சொன்னாங்களே. நீங்கதானேப்பா கூப்பிட்டீங்க?"