பியாசா

1

இந்தக் கதை எனக்கு ஈப்போவில் ஒரு பர்கர் கடையில் கிடைத்தது. பக்கத்து மேசையில் இரண்டு தம்பதிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் ஒட்டுக்கேட்டேன். எழுதுகிறவனுக்கு அது குற்றமில்லை என்று ஒரு நினைப்பு. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'புந்தோங் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது தினேஸ்வரியின் மனத்தில் ஒரு—'

வேண்டாம். வெயிலை வைத்துத் தொடங்குகிற கதையை நானே நம்புவதில்லை.

2

தினேஸ்வரியும் கிறிஸ்டினும் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். ரப்பரை அழித்துத் தோட்டத்தில் செம்பனை நட்டபின் இருவர் குடும்பமும் ஈப்போவுக்கு வந்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கிறிஸ்டின் சர்ச் முடிந்து வந்ததும், இருவரும் கணவர்களோடு எங்காவது மலிவாகச் சாப்பிடுவார்கள். இந்த முறை கடையைச் சொன்னவள் கிறிஸ்டின். நாலு மேசை, ஒரு காற்றாடி, இரும்புக் கல்லுக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரப் பெண்.

"இப்படி ஒரு கட இருக்கிறதே எனக்குத் தெரியாதுலா," என்றான் தினேஸ்வரியின் கணவன் யுகேந்திரன், காரை விட்டு இறங்கும்போதே. அவனை யாரும் கேட்கவில்லை.

வரிசையில் அவன் முறை வந்தது. தினேஸ்வரி பக்கத்திலேயே நின்றாள். கடைக்காரப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்து, "பியாசா?" என்றாள். அவன் தலையாட்டினான். நடந்தது அவ்வளவுதான்.

(மலாய் தெரியாதவர்களுக்கு: பர்கர் கடையில் 'பியாசா' என்றால் சாதாரணம், முட்டை சுற்றாதது. முட்டை சுற்றினால் 'ஸ்பெஷல்'. ஆனால் அதே சொல்லுக்கு 'வழக்கம்போலத்தானே?' என்றும் பொருள் உண்டு. கதை மொத்தமும் இந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

3

உட்கார்ந்ததும் தினேஸ்வரி கேட்டாள்.

"உங்கள அவங்களுக்குத் தெரியுமா?"

"எவங்களுக்கு?"

"பியாசான்னு கேட்டாங்களே."

"முட்ட வேணுமா வேணாமான்னு கேட்டாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க."

"பர்கர் ஆறுதுலா, சாப்பிடுங்க," என்றான் கிறிஸ்டினின் கணவன் ஐவன், வாய் நிறைய. ஐவன் நல்லவன். சந்தேகப்படுவதற்கு அவனுக்கு என்றைக்கும் நேரம் இருந்ததில்லை. கிறிஸ்டின் தலை நிமிரவேயில்லை.

தினேஸ்வரி கணவனின் பர்கரைப் பார்த்தாள். மற்ற மூன்றிலும் வெங்காயம் இருந்தது, அவனுடையதில் இல்லை. பச்சை வெங்காயம் அவனுக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லையே.

புதன்கிழமைகளில் வேலையாகச் சித்தியவான் ஊருக்குப் போகிறேன் என்பான். கிறிஸ்டினுக்கு அவள் வேலை செய்யும் கிளினிக்கில் விடுமுறை புதன்கிழமை. இந்த இரண்டையும் அதுவரை அவள் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள், பயந்துபோனாள். கணவனும் வேண்டாம், தோழியும் வேண்டாம் என்று எழுந்து போக அவளுக்கு வேறு இடமும் இல்லை.

3 (மறுபடியும்)

வெங்காயத்தைத் திரும்பப் போட்டுவிடலாமா? போட்டால் யுகேந்திரன் தப்பித்தான். முதல் பிரதியில் அது இருந்தது. கதை சப்பென்று இருக்கிறதே என்று இரண்டாவது பிரதியில் எடுத்தேன்.

முடிவு அ: வெங்காயம் தீர்ந்துபோச்சு என்று கடைக்காரப் பெண் சொல்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: கிறிஸ்டின் சட்டென்று எழுந்து—

எழுத வரவில்லை. கிறிஸ்டின் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

4

பக்கத்து மேசை என்று சொன்னேன் அல்லவா? பொய். அதே மேசைதான். எனக்கும் பச்சை வெங்காயம் ஆகாது.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி. நேற்று இதையும் படித்தாள், மூன்றாம் பகுதி வரை. வழக்கமாக எழுத்துப்பிழை திருத்துவாள். நேற்று பேனாவையே எடுக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"வெங்காயத்த எடுத்தது நீங்களா, கடக்காரம்மாவா?"

"கததானேலா," என்றேன்.

"அன்னிக்கு நான் உங்க பர்கரப் பாக்கவே இல்ல. அதான் கேக்குறேன்."

5

இன்று மத்தியானம் அவள் தனியாகக் கிளம்பிப் போனாள். எங்கே என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இந்நேரம் வரிசையில் நிற்பாள். அந்தக் கடைக்கு அவள் போனது ஒரே ஒரு தடவை. அவளிடமும் அந்தப் பெண் வெறுமே "பியாசா?" என்று கேட்டால், எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கிறாள் என்று ஆகிவிடும், அவள் வீட்டுக்கு வந்து எனக்குத் தேநீர் கலக்குவாள். "பியாசாவா, ஸ்பெஷலா?" என்று இரண்டையும் சொல்லிக் கேட்டால்—

நீங்கள் அவளுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.