கட்டிலுக்கு அடியில் இருந்த குண்டான்

மாவட்டத்தின் கண்நோய் வரைபடம் வெளியான மறுநாள் காலை, சேரப்பணஞ்சேரியில் நடேசன் கட்டியிருந்த மூன்று மாடிப் பெண்கள் விடுதி, விலாசம் தேடி வருகிறவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அது இரண்டாயிரத்து இருபத்து மூன்று, சித்திரை மாதம். வெண்டைக்காய் கிலோ முப்பது ரூபாய் விற்றது. முதலில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தவன் திகைத்து நின்றான். வந்து சேர்ந்துவிட்டதாகப் போன் சொல்லிக்கொண்டிருந்தது. எதிரே சீமைக் கருவேலமும் உடைந்த சிமெண்ட் தொட்டியும்தான் இருந்தன. அடுத்து கூரியர், அதற்கடுத்து வீட்டுவரி கேட்க வந்தவர். வரிக்காரர் இரண்டு முறை சுற்றிவிட்டு, காலி மனை என்று எழுதிக்கொண்டு போனார். உள்ளே இருநூற்றுப் பதினாலு பெண்கள் வழக்கம்போலக் குளியலறைக்கு வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பஸ் மட்டும் தினமும் காலை ஐந்து இருபதுக்குத் தவறாமல் வாசலில் வந்து நின்றது. அதை ஓட்டிய சிவசங்கர் எந்த வரைபடத்தையும் பார்த்து ஓட்டியவன் அல்ல. கை பழக்கத்தில் ஓட்டியவன். நடேசனுக்கும் இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "வரி கேக்க ஆளு வரலன்னா எனக்கு இன்னா கஷ்டம்?" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு, வாடகையை மட்டும் முதல் தேதியில் கைநீட்டி வாங்கிக்கொண்டார். பழகிய வழியில் வருகிறவர்களுக்கு விடுதி தெரிந்தது, தேடி வருகிறவர்களுக்குத் தெரியவில்லை என்பதை ஊர் ஒரு மாதத்தில் புரிந்துகொண்டது. மறு மாதம் அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டது.

காரணம் தெரிந்தவள் சிவசங்கரின் அக்கா கலைமதி ஒருத்திதான். மறைமலை நகரில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் வருடம் ஒரு பெட்டியோடு சேரப்பணஞ்சேரியில் இருந்த அம்மா சரோஜாவிடம் திரும்பி வந்தவள் அவள். படித்த பி.எஸ்சி.யை வைத்துக் கண்நோய்க் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலை வாங்கியிருந்தாள். நோய்க்கு டிரக்கோமா என்று பெயர். மேல் இமையின் உள்பக்கத்தில் ஜவ்வரிசி போல மணிகள் எழும்பும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் உள்தோல் தழும்பேறி இமை உள்ளே மடங்கும். அப்புறம் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் இமைமுடி கருவிழியை உரசும், உரசி உரசி ஒருநாள் பார்வை போய்விடும். ஒரே துண்டில் பலர் முகம் துடைக்கிற இடத்தில், முகம் கழுவத் தண்ணீர் போதாத இடத்தில் அது தங்கும். கலைமதி வீடு வீடாகப் போய் இமையைத் திருப்பிப் பார்த்துப் போனில் பதிய வேண்டும். ஒரு இமையில் ஐந்து மணிக்குக் குறைந்தால் அந்த ஆளுக்கு நோய் இல்லை. நூறு பேரில் ஐந்து பேருக்குக் குறைந்தால் அந்தப் பகுதிக்கே நோய் இல்லை, மாத்திரை வண்டி வராது. வீடு என்றால் என்ன என்பதற்கும் விதி இருந்தது: ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு, மெஸ் பானை அதில் சேராது.

வரைபடம் வருவதற்கு முன், இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடியில் அவள் விடுதிக்குப் போனாள். அந்த மனை அவள் அப்பா உயிரோடு இருந்தபோது நடேசனுக்கு விற்ற நிலம், வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அறையில் சமைத்தால் அடுப்பையும் பாத்திரத்தையும் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்புவது விடுதிச் சட்டம். வார்டன் அம்மா தோளோடு தோள் உரசிக்கொண்டு கூடவே வந்தார். இரண்டாம் மாடி மூன்றாவது அறையில் கருவாட்டுக் குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. கட்டிலுக்கு அடியில், துப்பட்டா போர்த்தின அலுமினியக் குண்டானின் விளிம்பு தெரிந்தது. "சமைக்கறீங்களாம்மா?" என்று கலைமதி கேட்டாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பூமாரி, மூக்கு நுனி வியர்க்க, "இல்லக்கா, நாங்க மெஸ்லதான் சாப்பிடுதோம்" என்றாள். பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கக் கலைமதிக்கு மனசு வரவில்லை. பானை இல்லை என்று போனில் தட்டினாள். எல்லா அறையிலும் இதே பதில்தான், எல்லாவற்றுக்கும் இதே தட்டல். பானை இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் இமையைத் திருப்பச் சொல்லிப் போன் கேட்கவில்லை. மாவட்டக் கணக்கு நூற்றுக்கு நாலரையில் வந்து நின்றது. வரைபடத்தில் அந்தப் பகுதி முழுவதும் பச்சை.

விடுதி மறைந்த வருடம் கார்த்திகையில் பூமாரியின் அப்பா இசக்கிதுரை, ஒரு பை சீனிமிட்டாயும் ஒரு மூட்டை கருப்பட்டியுமாக மகளைப் பார்க்க வந்தார். மகள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். மகள் எழுதி அனுப்பிய விலாசச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்த அவருக்கு வாசல் தெரியவில்லை. வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. "ஏ தாயி, முள்ளுக்குள்ள எங்க போற?" என்று கேட்டார். "வீட்டுக்குப்பா" என்றாள் பூமாரி. அவள் கதவைத் திறந்து உள்ளே போனதை, மகள் முள்ளுக்குள் கரைந்ததாகத்தான் அவர் பார்த்தார். மூட்டையை முள் ஓரத்தில் வைத்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறினார். போய்த் தன் மனைவியிடம், "காத்தோட்டமான இடம், நம்ம பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொன்னார்.

குறை கண்ணில் இருந்தது. பூமாரி கார் முகப்பு விளக்கு செய்கிற கம்பெனியில் பரிசோதனை லைனில் நின்றாள். வெள்ளை வெளிச்சத்தில் விளக்கின் மேல்மூடியைத் திருப்பித் திருப்பிக் கீறல் பார்ப்பது வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு கண் பரிசோதனை, அதில் தவறினால் வேலை இல்லை. சின்ன வயதிலிருந்தே வந்து வந்து போன கண்வலி, ஆறு பேருக்கு இரண்டு துண்டும் நாளுக்கு இரண்டு மணி நேரத் தண்ணீரும் இருந்த அறையில் போகாமல் தங்கிவிட்டது. உள்ளே மடங்கின இமைமுடியை ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்துக் கட்டில் பாண்டிச்செல்வி மூக்குத்தி இடுக்கியால் பிடுங்கி விட்டாள். பஸ்ஸின் முன் சீட்டில் கண்ணை மூடியே உட்கார்ந்து வருகிற இந்தப் பெண்ணைச் சிவசங்கர் இரண்டு வருடம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தான். ஒருநாள் ஸ்டீயரிங் பக்கத்துப் பெட்டியிலிருந்து சொட்டு மருந்து எடுத்து நீட்டினான். அவள் மறுநாள் அதே பெட்டியில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்தாள். அப்புறம் அந்தப் பெட்டி காலியாக இருந்ததே இல்லை.

தம்பியின் மனசு தெரிந்தபிறகு கலைமதியால் சும்மா இருக்க முடியவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை விடுதி மொட்டைமாடிக்குப் போய், வெயிலில் ஒவ்வொரு பெண்ணாக நிற்க வைத்து இமையைத் திருப்பினாள். இருநூற்றுப் பதினாலில் அறுபத்தொரு பேருக்கு நோய். அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு மாவட்ட அதிகாரியிடம் போனாள். கெட்ட மனுஷர் இல்லை அவர், நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். "பானை இல்லன்னு நீங்கதானம்மா தட்டியிருக்கீங்க?" என்றார். "கட்டிலுக்கு அடியில இருந்தது சார்." "அப்ப ஏம்மா எழுதல?" அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தானே வந்தார். கலைமதி அவரை விடுதி வாசற்படியில் நிறுத்தினாள். மேலே கொடியில் இருநூறு சுடிதார் காற்றில் ஆடின. பாண்டிச்செல்வி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "சார், இங்க பாருங்க சார்" என்று கூப்பிட்டாள். அதிகாரி போனில் வரைபடத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க அக்கறை எனக்குப் புரியுது. ஆனா முள்ளுக்கு மாத்திரை எழுத முடியாதே" என்றார். கலைமதி வீட்டில் சரோஜா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். பூமாரியை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனபோது அங்கிருந்த இளம் டாக்டர், கம்ப்யூட்டரில் பச்சையைக் காட்டி, இந்த மாவட்டத்தில் அந்த நோய் கிடையாது, இது தூசி அலர்ஜி என்று சொட்டு மருந்து எழுதினார். சிவசங்கரின் பெட்டியில் இருந்த அதே மருந்து.

இருபத்து நாலு வைகாசியில், ஒரே ஷிப்டில் பூமாரி முன்னூற்றுப் பன்னிரண்டு மூடிகளைக் கீறல் என்று ஒதுக்கி வைத்தாள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே மயிரிழைக் கீறல். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றிலும் கீறல் இல்லை. பிறகு அவளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கீறல் அவளுடைய வலது கருவிழியில் இருந்தது. அன்று மாலை பஸ்ஸின் பேர்ப்பட்டியலிலிருந்து அவள் பேரை அடித்தார்கள். அடிக்கப்பட்ட பேரை ஏற்றிக்கொண்டு சிவசங்கர் கடைசி முறையாக விடுதிக்கு ஓட்டினான். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். "கட்டிக்கலாமா?" என்றான். "கண்ணு போயிரும்ங்க" என்றாள். "வண்டி நாந்தான ஓட்டறேன்" என்றான் அவன்.

சரோஜாவுக்கு விஷயம் போனபோது ஊர் ஒன்றை ஞாபகப்படுத்தியது. விடுதியை விட்டுப் படப்பையில் வாடகைக்குப் போன இரண்டு பெண்கள் அங்கே குண்டான் வைத்துச் சமைத்த மூன்றாம் நாள், அந்த வீட்டின் மாடி மட்டும் தேடி வருகிறவர்களுக்குத் தெரியாமல் போயிருந்தது. கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கலைமதி அம்மாவைத் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தனித் துண்டு, தனித் தட்டு, முக்கியமாகத் தனிப் பானை. பூமாரிக்குத் தனியாக வடித்துவிட்டால் நோயும் ஒட்டாது, வீடும் நிற்கும். சரோஜா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இன்னாடி பேசற? வூட்டுக்கு வர்ற மருமவளுக்குத் தனிப் பானையா? நீ பெட்டியோட வந்து நின்னப்ப உனக்குத் தனியாவா வடிச்சேன்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ரேஷன் கார்டுதான போவுது, போவட்டும். கண்ணு தெரியாத மருமவன்னா ஒரு சவுரியம் கீது, கொழம்புல முடி கெடந்தாலும் சண்டைக்கு வரமாட்டா" என்றாள். நறுக்கினது வெண்டைக்காய்தான், ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவணியில் குன்றத்தூர் மலையில் கல்யாணம். விடுதிப் பெண்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு எண்பது பேர் வந்தார்கள். சீராக அந்தக் குண்டானையே மஞ்சள் பூசித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாண்டிச்செல்வி அதைச் சரோஜாவின் கையில் கொடுத்து, "பாத்து வச்சுக்கோங்கத்த, இதுக்காகத்தான் இம்புட்டுப் பாடு" என்றாள். முதல் நாள் சமையல் அதில்தான் நடந்தது. நாலு பேரும் அதிலிருந்தே சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காஸ் சிலிண்டர்காரர் தெருவில் நின்று, சரோஜா வீடு எங்கே என்று எதிர்வீட்டில் கேட்டார். எதிர்வீட்டம்மா கையைக் காட்டிய இடத்தில் அவருக்கு முள் தெரிந்தது. அன்றிலிருந்து சிவசங்கர் சிலிண்டரை மெயின் ரோட்டிலிருந்து தோளில் சுமந்துவந்தான். கலைமதி வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அலுவலகப் போன் அவளை எங்குமே இல்லை என்று காட்டியது. பஸ் நிறுத்தம் வரை நடந்தால்தான் அது அவளை உயிரோடு இருப்பதாக ஒத்துக்கொண்டது. தைக்குள் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

பூமாரிக்கு வலது கண் அந்த மாசியில் போனது. இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் அசைவும் மிச்சம் இருந்தன. காலை ஐந்து இருபதுக்கு விடுதி வாசலில் பஸ் நிற்கும்போது சிவசங்கர் இரண்டு ஹாரன் அடிப்பான். நாலு தெரு தள்ளி, கதவைப் பிடித்து நிற்கும் பூமாரி அதைக் கேட்டபிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். ரோட்டில் போகிறவர்களுக்கு, முள்ளுக்குள்ளிருந்து பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக வந்து பஸ் ஏறுவது பழகிவிட்டது. யாரும் வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை.

இருபத்தைந்து ஐப்பசியில் மாவட்டம் அந்த நோயை ஒழித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. மண்டபத்தில் விழா வைத்து, வந்தவர்களுக்கு லட்டு கொடுத்தார்கள். கலைமதி போகவில்லை. இரண்டு நாளாக அவளுக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. மறுநாள் மதியம் பீரோ கண்ணாடி முன் நின்று, இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே, தன் மேல் இமையை விரலால் திருப்பினாள். வெயில் நன்றாக விழுந்தது. ஜவ்வரிசி மணிகள் ஏழு. இன்னொரு முறை எண்ணினாள், ஏழுதான். நாற்பது பக்க நோட்டில் அறுபத்தொன்றுக்குக் கீழே அறுபத்திரண்டு என்று எழுதித் தன் பேரைப் போட்டாள்.

"மைனி, சோறு ஆறுது, வாங்க" என்று பூமாரி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். வரிசையாக மூன்று தட்டுகளைத் தடவி வைத்திருந்தாள். சரோஜா ஏற்கெனவே உட்கார்ந்து, உப்பு போதவில்லை என்று ஆரம்பித்திருந்தாள். அப்போது போன் அடித்தது. வாசலுக்கு நேரே, இரண்டு முழம் தள்ளி, கூரியர்காரர் ஒருவர் நெற்றிக்கு மேல் கையை வைத்து நின்றுகொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது. நோய் ஒழிப்புப் பணியில் சேவை செய்ததற்காக மாவட்டம் அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பியிருந்தது.

"மேடம், லொகேஷனுக்கு வந்துட்டேன். இங்க முள்ளுதான் மேடம் கீது."

"ஆமாங்க, முள்ளுதான். அது மேலயே மாட்டிட்டுப் போங்க, நான் எடுத்துக்கறேன்" என்றாள் கலைமதி. அவர் உறையை அவர்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் பத்திரமாகச் செருகி, முள் குத்தின விரலை உதறிக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனார். கலைமதி கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குண்டானிலிருந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.