நூற்றைம்பதில் நின்ற கை

அண்ணன் மேஜையைத் தட்டிய தட்டில் டீ தளும்பி விரிப்பெல்லாம் நனைந்தது.

"நிறுத்து. முதல்லேருந்து காட்டு" என்றன அவன் விரல்கள். பிறந்ததிலிருந்தே காது கேட்காத அவனுக்குப் பேச்செல்லாம் கையில்தான்.

தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் சர்ச்சில் ஆராதனை. வாசகர் நோவாவின் வெள்ளக் கதையை மைக்கில் படிக்கப் படிக்க, அவர் பக்கத்தில் அவள் நின்று அண்ணனுக்குச் சைகையில் சொல்ல வேண்டும். அண்ணனோ இன்றைக்குத்தான் கடைசி, இனி வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான். எல்லாருக்கும் தலைவாழை விருந்து, எனக்கு மட்டும் மிச்சம் மீதியா என்பது அவன் பழைய வழக்கு. பொய்யுமில்லை. அரைமணிப் பிரசங்கம் அவனிடம் வந்து சேரும்போது இரண்டு வரியாகச் சுருங்கியிருக்கும்.

அவள் மறுபடி காட்டினாள். காத்திருந்தது ஏழு நாள். இன்னும் ஏழு. மழை நாற்பது. ஊரை மூடிய தண்ணீர் நூற்றைம்பது. கடவுள் நோவாவை நினைத்தார். வடிய நூற்றைம்பது. பேழையின் ஜன்னலைத் திறக்க நாற்பது. கரை தேடப் பறக்கவிட்ட புறாவுக்காக ஏழு. மறுபடி ஏழு.

அண்ணன் எழுந்தே விட்டான். "உன் கையப் பாரு. போன வழியே திரும்பி வருது."

பார்த்தாள். காதால் கேட்ட வரைக்கும் அது வறட்டுக் கணக்கு. கைக்கு வந்ததும் தண்ணீரே படியேறி, உச்சியில் நின்று, அதே படிகளில் இறங்கியது. உச்சியில் என்ன? மறக்கப்பட்ட ஒருத்தனின் ஞாபகம் கடவுளுக்கு வந்தது. அவ்வளவுதான்.

"ஒரு படி குறைஞ்சாலும் ஆளு கரையேற மாட்டான். கோட்டை விட்டுடாத" என்றான் அண்ணன்.

ஆராதனை தாமதமாகத்தான் தொடங்கியது. அண்ணன் முன்வரிசையில் கண் இமைக்காமல் இருந்தான். ஏழு. ஏழு. நாற்பது. நூற்றைம்பது. கடவுள் நினைத்தார். அந்த நேரம் பார்த்து பாஸ்டர் தன் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். வாசகர் தலையசைத்து, "பின்பு தண்ணீர் வடிந்தது, நோவா வெளியே வந்தார்" என்று ஒரே மூச்சில் முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டார். பாடகர் குழு எழுந்தது.

அவள் கை மட்டும் உச்சியிலேயே நின்றது. அண்ணனின் முகம் மெல்ல இறுகியது.

"இறங்கி வாம்மா, பாட்டு ஆரம்பிக்கணும்" என்று கிசுகிசுத்தார் பாஸ்டர்.

"தண்ணி இன்னும் வடியல, பாஸ்டர்."

சொல்லிவிட்டாள். கை இறங்கத் தொடங்கியது. நூற்றைம்பது. ஆர்கன் ஒரு சுரம் எழுப்பி, தயங்கி, ஓய்ந்தது. நாற்பது. பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏழு.

அடுத்ததை அவள் காட்டுவதற்குள் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கடைசி ஏழு, அண்ணனுடையது. கூடவே அவன் இரண்டு உள்ளங்கைகளும் சிறகுகளாகப் பிணைந்து, படபடத்து, தலைக்கு மேலே எழும்பின. பாதி சர்ச் கழுத்தைத் திருப்பி, அது எந்தப் பக்கம் பறந்தது என்று அண்ணாந்து தேடியது.