மூன்றாவது பெட்டை

முதல் பெட்டையை அவன் ஆறு நாட்களில் கொன்றான். இரண்டாவதை ஒரே பிற்பகலில். நான் ஆய்வக வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவள் ஃபில்டர் மேல் சாய்ந்து கிடந்தாள். செதில்கள் தொட்டியின் அடியில் உதிர்ந்திருந்தன. அவன் முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து தீனி கேட்டான்.

ஜாகுவார் சிக்லிட் என்ற மீன். வெள்ளி உடம்பில் கரும்புள்ளிகள், என் முழங்கை நீளம். பெட்டை முட்டையிடத் தயாராக இல்லாத நாளில் எதிரே வந்தால் அடிப்பான். ஆற்றில் அடிபட்டவள் ஓடிவிடுவாள். தொட்டியில் ஓட இடம் கிடையாது.

பாக்தாதில் மீன் வாங்க கஸ்ல் சந்தைக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும். மூன்றாவது பெட்டையை அங்கேதான் வாங்கினேன். விரல் நீளம் இருந்தாள்.

"போன தடவை வாங்கிட்டுப் போனவ என்ன ஆனா, தங்கச்சி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"செத்துட்டா."

"அப்ப இவளுக்கு இப்பவே துக்கம் விசாரிச்சுக்கறேன். வீட்டுத் தொட்டியில இதுங்க குடும்பம் நடத்தாது. பண்ணைக்காரங்களே கையை விரிச்சுட்டாங்க."

"பாக்கலாம்."

"பாருங்க. அடுத்த மாசம் வருவீங்க. நானும் இங்கதான் இருப்பேன்."

ஒரு வருடம் நான் போகவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே மாட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் வலைச்சட்டத்தை அறுத்து, தொட்டியின் குறுக்கே நிறுத்தினேன். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள். அவள் உள்ளங்கை அளவு வளர்ந்ததும் சட்டத்தின் ஓரத்தில் ஒரு வாசல் வெட்டினேன். அவள் நுழையலாம், அவன் நுழைய முடியாது. போவதும் வருவதும் அவள் இஷ்டம். முதலில் தலையை மட்டும் நீட்டினாள். பிறகு போய்த் திரும்பினாள். ஒருநாள் திரும்பவில்லை. உடைந்த தரை ஓட்டின் மேல் முட்டையிட்டிருந்தாள். அவன் பக்கத்தில் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தான்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் சட்டத்தின் கட்டங்கள் வழியே இரண்டு பக்கமும் சிதறின. மறுபக்கம் போக முடியாமல் அவன் சட்டத்தை முட்டி முட்டி வாயைக் கிழித்துக்கொண்டான். சட்டத்தை எடுத்துச் சமையலறையில் சாத்தி வைத்தேன். பயந்துகொண்டேதான் எடுத்தேன். ஆனால் இரண்டும் சேர்ந்தே காவல் காத்தன.

தொட்டி விருந்தறையில் இருந்தது. ஜெனரேட்டர் லைன் அந்த அறைக்குத்தான் உண்டு. மின்சாரம் போனால் காற்று மோட்டார் நிற்காது. வீட்டில் யார் எங்கே போனாலும் அந்த அறையைக் கடக்க வேண்டும். கடக்கும் ஒவ்வொருவர் மேலும் இரண்டு மீன்களும் பாய்ந்தன. அப்பாவின் செய்தித்தாள், அம்மாவின் துடைப்பம், பக்கத்து வீட்டுப் பூனை. என்னைத் தவிர எல்லாரும் எதிரிகள். நான் தீனி போடுகிறவள்.

அம்மா அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு என்னைக் கண்டாலே ஆகல."

"உன் துடைப்பத்தைக் கண்டா யாருக்குத்தான் ஆகும்?" என்றார் அப்பா.

"உங்களையும்தான் முட்டறான்."

"மாமனாருன்னா அப்படித்தான்."

அந்த வாரம்தான் எனக்கும் ஒரு மாப்பிள்ளை பேசினார்கள். என் தோழியின் அண்ணன் சர்மத், பல் மருத்துவர். பெண்கள் இரண்டு தடவை வந்து பார்த்து எல்லாம் முடிவாகியிருந்தது. ஆண்கள் பதினெட்டுப் பேர் திரளாக வந்து முறைப்படி கேட்பது மட்டும் மிச்சம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று நாள் குறித்தார்கள்.

புதன்கிழமை அம்மா விருந்தறையைக் கழுவினாள். கம்பளத்தை விரித்தாள். நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டாள். கடைசியில் தொட்டிமுன் நின்றாள்.

"இவன் துள்ளி யார் மேலயாவது தண்ணி அடிச்சான்னா?"

"மூடி இருக்கு, யும்மா."

"சத்தம் போடுவான். பெரியவங்க பேசிட்டிருக்கறப்ப டமால்னு ஒரு முட்டு. ஒரு துணி போட்டு மூடிடு."

நான் யோசித்தேன். பதினெட்டுப் புது ஆண்கள். பயந்தால் மீன்கள் தங்கள் குஞ்சுகளையே தின்றுவிடும். துணி போடுவது நல்லது என்றே எனக்குப் பட்டது. படுக்கை விரிப்பு ஒன்றை நானே எடுத்து, மூன்று பக்கமும் தொங்கவிட்டேன். நான்காவது பக்கம் சுவர்.

அம்மா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். கழுவிய விருந்தறையை விருந்தாளி வரும்வரை பூட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நாங்கள் சமையலறைக் கதவு வழியாகப் புழங்கினோம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவள் கதவைத் திறந்துவிட்டு நிலையில் நிற்பாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, குஞ்சுகளுக்கு வேகவைத்த முட்டை மஞ்சளைத் துணியில் பிழிந்துவிட்டு வருவேன்.

வியாழன் மாலை பெட்டையின் வால் கிழிந்திருந்தது. குஞ்சுகளுக்குக் குழி தோண்டும்போது கல்லில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது அன்று வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். நானும் அம்மாவும் இரண்டு சித்திகளும் சமையலறையில். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஹாஜி ஷல்லால் தொட்டிக்கு அருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைத் தலைத்துணி, கறுப்பு வளையம். அப்பா அவருக்குக் காப்பி ஊற்றினார். அவர் கோப்பையை வாங்கித் தன்முன் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"அபூ ஹதீல், நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உங்களுக்குத் தெரியும்," என்று அப்பாவை என் பெயரால் விளித்து அவர் தொடங்கினார். இரண்டு குடும்பத்தின் பெருமையையும் சொன்னார். நிதானமாகச் சொன்னார். முடித்தார். அப்பா பதில் சொல்வதற்கு முன் சற்று மௌனம் இருக்க வேண்டும். உடனே சம்மதித்தால் மகளைத் தள்ளிவிடுகிறான் என்பார்கள்.

அந்த மௌனத்தில் மூடி அடித்தது.

கண்ணாடியை முட்டும் சத்தம் வேறு. இது கீழிருந்து ஒருத்தி தப்பிக்கத் துள்ளி, மூடியில் மோதும் சத்தம். முதல் பெட்டையின் கடைசி நாட்களில் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் புரிந்தது. இரண்டு நாட்களாக அந்த அறையில் யாரும் நடக்கவில்லை. துடைப்பம் இல்லை, செய்தித்தாள் இல்லை, பூனை இல்லை. இன்று வந்தவர்களையும் விரிப்பு மறைத்துவிட்டது. அடிக்க வெளியே யாரும் இல்லாததால் அவன் உள்ளே இருப்பவளை அடிக்கிறான்.

"யும்மா, அவளைக் கொல்றான்."

"யாரை?"

"பெட்டையை. நான் உள்ள போகணும்."

"உனக்குப் பைத்தியமா? பதினெட்டு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. உங்கப்பா இன்னும் வாயே திறக்கல."

"பாபாவை விரிப்பை மட்டும் எடுக்கச் சொல்லணும்."

அப்பாவின் எண்ணை அழைத்தேன். ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் ஃபோன் ஒலித்தது. சின்னச் சித்தி அதை எடுத்து, "அவர் இங்க வச்சுட்டுப் போயிட்டார்," என்றாள், எனக்குத் தெரியாததைப் போல.

மூடி மறுபடி அடித்தது. இந்தத் தடவை மெதுவாக.

பெண் கேட்கும் கூட்டத்தில் பெண் தலைகாட்டுவதில்லை. முடிவான பிறகு மோதிரத்துக்கு அழைப்பார்கள். அதற்கு முன் அவள் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் கதவைத் திறந்து போனேன்.

அப்பா, "உங்க வருகை எங்களுக்கு ..." என்று தொடங்கியிருந்தார். நின்றுவிட்டார். பதினெட்டு முகங்களும் திரும்பின. எதிர்ச்சுவரோரம் யாரோ மெல்லச் சொன்னார், "பொண்ணு மாட்டேன்னு சொல்ல வருது."

விரிப்பை இழுத்தேன். அது ஒரு நாற்காலியின் மேல் விழுந்தது. பெட்டை மேல் மூலையில் தலைகீழாகத் தொங்கினாள். ஒரு கண் வெளுத்திருந்தது. அவன் அவள் வயிற்றுக்கு நேராகப் பின்வாங்கிக்கொண்டிருந்தான். பாய்வதற்கு முன் அப்படித்தான் பின்வாங்குவான்.

"ஹதீல், என்ன இது?"

"கொன்னுடுவான், பாபா."

"யாரு?"

"மீன்."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். அவன் என்னைப் பொருட்படுத்தவில்லை. நான் தீனிக்காரி.

"யாராவது இங்க வாங்க. முகத்தைக் கண்ணாடிகிட்ட வைங்க. புது ஆளா இருக்கணும்."

சர்மத் எழுந்தான். அதற்குள் ஹாஜி ஷல்லால் நாற்காலியோடு திரும்பியிருந்தார். அவர்தான் பக்கத்தில் இருந்தார். தலைத்துணியைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணாடியை நோக்கிக் குனிந்தார்.

ஆண் மீன் அந்த வெள்ளையைப் பார்த்தான். செவுள்களை விரித்தான். தொட்டியின் முழு நீளத்தையும் கடந்து வந்து அவர் மூக்குக்கு நேராக முட்டினான்.

ஹாஜி பின்வாங்கவில்லை. "இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம், ஹாஜி. அவனையே பாருங்க."

"நாப்பது வருஷமா வம்பைத் தீத்து வைக்கத்தான் கூப்பிடறாங்க. வம்புக்கு நிக்கக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை."

"நகராதீங்க."

"சரி."

"யும்மா, சட்டம்!" என்றேன்.

அம்மா உள்ளே வரவில்லை. கதவிடுக்கில் அவள் கையும் வலைச்சட்டமும் மட்டும் வந்தன. கதவுக்கு அருகே நின்ற சர்மத் அதை வாங்கிக்கொண்டு வந்தான்.

"எது மேல வரணும்?"

"வாசல் வெட்டின பக்கம் கீழ. வேகமா இறக்குங்க, ஆனா குஞ்சு நசுங்கக் கூடாது."

"ரெண்டும் எப்படி?"

"முடிஞ்ச வரைக்கும்."

நான் மூடியைத் தள்ளினேன். ஒரு முனையை அவன் பிடித்தான், ஒரு முனையை நான். அவன் கோட்டின் கை முழுதும் நனைந்தது. ஆண் மீன் ஹாஜியை மூன்றாம் தடவை முட்டியபோது சட்டம் அவனுக்குப் பின்னால் தரையைத் தொட்டது. நான் கல்லை நகர்த்தி அண்டை கொடுத்தேன். பெட்டை மெதுவாகப் புரண்டு நிமிர்ந்தாள். செவுள் அசைந்தது.

காப்பிகள் அப்படியே இருந்தன.

ஹாஜி திரும்பாமலே சொன்னார், "அபூ ஹதீல், நான் முகத்தைத் திருப்பக் கூடாதாம். நீங்க என் முதுகுக்கே பதில் சொல்லிடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை என்னிடம் அவர் முன்பே வீட்டுக்குள் கேட்டு முடித்திருந்தார். இப்போது பதினெட்டுப் பேருக்கு நடுவே, கண்ணாலே, மறுபடியும் கேட்டார். என் கை தோள்வரை தண்ணீரில் இருந்தது. நான் சர்மத்தைப் பார்த்தேன். அவன் சட்டத்தின் மறுமுனையை இன்னும் விடவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை, பெட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தலையசைத்தேன்.

"உங்க காப்பியைக் குடிங்க," என்றார் அப்பா.

யாரோ கோப்பையை எடுத்து ஹாஜியின் கையில் கொடுத்தார். அவர் மீனைப் பார்த்தபடியே ஒரே மடக்கில் குடித்தார். "ஆறிப்போச்சு," என்றார். பிறகு எல்லாரும் கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். நான் ஈரக்கையோடு சமையலறைக்குத் திரும்பினேன். அம்மா துண்டை நீட்டினாள்.

விஷயம் தெருவில் பரவியது. மீனுக்காக ஆண்கள் சபையில் நுழைந்தவள் என்றார்கள். சர்மத்தின் அத்தை ஒருத்தி, இப்படிப்பட்டவள் வேண்டாம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மோதிரச் சடங்குக்கு அவள் வரவில்லை.

குஞ்சுகளில் பாதி மிஞ்சின. பெட்டையின் இடது கண் தேறவில்லை. ஆனால் மூன்றாம் நாள் தீனி எடுத்தாள். சிதறிய குஞ்சுகளை வாயில் பொறுக்கித் தன் பக்கத்துக் குழியில் துப்பினாள். வாசல் திறந்துதான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் சட்டத்துக்கு எதிரே மணிக்கணக்கில் நின்று அவளையே பார்த்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அறையைப் பூட்டாதே, யும்மா," என்றேன். "யாராவது அங்க நடமாடணும். அவனுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும்."

"நீ வேலைக்குப் போயிடுவ. உங்கப்பா கடைக்குப் போயிடுவார். யாரு இருக்கா?"

நான் குஞ்சுகளுக்கு முட்டை வேகவைக்கப் போனேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது விருந்தறைக் கதவு திறந்திருந்தது. விருந்தாளிகளுக்கென்று உறை போட்டு வைத்த சோபாவில் அம்மா உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் கண்ணாடியைத் தொட்டது. காம்புகள் கம்பளத்தில் கிடந்தன. அவன் செவுள்களை விரித்து அவள் முழங்காலை முட்டிக்கொண்டிருந்தான்.

"எப்போலேர்ந்து இங்க இருக்க?"

"மதியத்திலேர்ந்து. கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கம் போனேன். உடனே அவ பக்கம் திரும்பிட்டான். வந்து உக்காந்தேன்."

"நான் இருக்கேன், நீ எழுந்திரு."

"உன்னைப் பாத்தா அவன் வாலை ஆட்டுவான்," என்றாள் அம்மா. கத்தியின் நுனியால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினாள். "போய் வெங்காயத்தை எடுத்துட்டு வா. இன்னும் அரைக் கிலோ இருக்கு."